ஒரே மாதிரித் தெரியிற சிவப்புப் பூச்சியள்: போட்டோவில எந்த இடத்தைப் பாக்கிறது?

தங்கச்சி, நீங்கள் போட்ட 4 படத்தையும் பெருப்பிச்சு வடிவாப் பாத்தனான். மூண்டு உங்கட வீட்டுப் பூவரசு வேலியில எடுத்தது, மற்றது ஒழுங்கை முடக்கில நிக்கிற எருக்கலையில எடுத்தது எண்டு எழுதியிருந்தியள். நாலும் ஒரே பூச்சியா, படத்தைப் பாத்துப் பேர் சொல்லுற ஐநேச்சுரலிஸ்ட் அப்பில போடப் போட ஒவ்வொருக்கா ஒவ்வொரு பேர் வருது எதை நம்புறது, அம்மா மருந்து அடிக்கச் சொல்லுறா அடிக்கலாமோ, இவ்வளவும்தானே கேள்வி.

முதல்ல மருந்து அடிக்காதேங்கோ. மிச்சத்தைப் பேந்து சொல்லுறன்.

உங்கட நாலு படத்தில என்ர கணக்குக்கு மூண்டு வகை இருக்கு. முதலாவது படத்தில பின்பக்கம் ஒட்டிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் இழுக்கிற சோடியும், ரெண்டாவது படத்தில கும்பலா இருக்கிற சிறகில்லாத குட்டியளும் ஒரே ஆக்கள், அது தாய் தேப்பன், இது பிள்ளையள். மூண்டாவது படத்தில ஒரு சிவப்புப் பூச்சி இன்னொரு சிவப்புப் பூச்சியைக் குத்திப் பிடிச்சுக்கொண்டிருக்குதே, அதைத் தன்ர இனத்தையே தின்னுது எண்டு நினைச்சு எழுதியிருந்தியள், அது பெரும்பாலும் வேற ஆள், அந்தக் கூட்டத்தைத் தின்னுறதுக்கெண்டே வந்து நிக்கிறவர். நாலாவது எருக்கலையில இருக்கிறவருக்கும் இவைக்கும் குடும்பமே வேற, நிறம் மட்டும்தான் ஒண்டு.

இப்ப எப்பிடி எண்டு பாப்பம். நிறத்தை முதல்ல மறந்துபோங்கோ. இந்தப் பூச்சியளில நிறம் எண்டது பேர்ப் பலகை இல்லை, எச்சரிக்கைப் பலகை. "என்னைத் தின்னாத, கைக்கும்" எண்டு குருவிக்கும் ஓணானுக்கும் சொல்லுறதுக்கு சிவப்பும் கறுப்பும் நல்லா எடுபடும் எண்டபடியா, சொந்தமே இல்லாத கனபேர் அதே சட்டையைப் போட்டிருக்கினம். எருக்கலைப் பாலில இருக்கிற நஞ்சை உடம்பில சேத்து வைக்கிறவைக்கு அந்தப் பலகை மெய்யாகவே பொருந்தும். அதுக்கு மேல போன் கமராவும் தன்ர விளையாட்டைக் காட்டும், பின்னேர வெயிலில எடுத்தா செம்மஞ்சள், பிளாஷ் போட்டா ரத்தச் சிவப்பு, மழை இருட்டில எடுத்தா மண்ணிறம். அப் குழம்பிறதுக்கும் இதுவும் ஒரு காரணம்தான்.

சரி, படம் 1. பூவரசு, வெண்டி, பருத்தி, செவ்வரத்தை, இலவம் எல்லாம் கிட்டத்துச் சொந்தக்காரர், அதுகளின்ர விதையைக் குத்திச் சாறு உறிஞ்சுறவர் இவர். பேர் டிஸ்டேர்கஸ். பருத்தி விளையிற ஊரில இவரால பஞ்சில கறை பிடிக்கிறதால இங்கிலீசில கறையாக்கி எண்ட கருத்து வாற பேரும் இருக்கு. அடையாளம் சொல்லுறன், படத்தை வைச்சுக்கொண்டு பாருங்கோ. தலைக்குப் பின்னால, கழுத்தில வெள்ளையா ஒரு கொலர் போட்ட மாதிரி ஒரு கோடு. ரெண்டு முன் சிறகிலயும் நடுவில பக்கத்துக்கு ஒரு கறுப்புப் பொட்டு. சிறகின்ர நுனிப் பகுதி மெல்லிசா கறுப்பா இருக்கும். ஆளைப் பிரட்டினா வயிறு சிவப்பும் வெள்ளையுமா வரி வரியா இருக்கும், எங்கட கோயில் மதில் மாதிரி. உங்கட படத்தில கொலரும் பொட்டும் ரெண்டும் தெரியுது, அதால சாதி, அதாவது கிட்டத்து இனங்களைச் சேத்து வைக்கிற கூட்டத்தின்ர பேர், டிஸ்டேர்கஸ் எண்டதில எனக்குச் சந்தேகமில்லை. சோடியில ஒண்டு பெரிசு மற்றது சின்னன் எண்டு ரெண்டு இனம் எண்டு நினைக்காதேங்கோ, பெரிசு பொம்பிளை.

ஆனா இனம் எது? இங்கதான் நான் நிப்பாட்டுவன். எங்கட பக்கத்தில ரெண்டு பேர் அடிபடும், டிஸ்டேர்கஸ் சிங்குலேட்டஸ், டிஸ்டேர்கஸ் கோனிகி. ரெண்டுக்கும் 1775இல பேர் வைச்சது ஒரே ஆள், டென்மார்க்கைச் சேந்த பூச்சி ஆராய்ச்சிக்காரர் பப்ரீசியஸ். அந்தக் கோனிகி எண்டது கோனிக் எண்டவற்ர பேர், அவர் உயிரினங்களுக்கு ரெட்டைப் பேர் வைக்கிற முறையைக் கொண்டுவந்த லின்னேயஸிட்டப் படிச்ச வைத்தியர், 1768இல தரங்கம்பாடிக்கு டென்மார்க் மிசனுக்கு வந்து அங்க இருந்து செடி பூச்சி எல்லாம் சேத்து ஐரோப்பாவுக்கு அனுப்பினவர். எங்கட வேலிப் பூச்சியின்ர பேரில தமிழ்க் கரையில வேலை செய்த ஒருத்தர் ஒட்டிக்கொண்டிருக்கிறதை நினைச்சா எனக்கு எப்பவும் ஒரு சந்தோசம், அதுக்கும் உங்கட கேள்விக்கும் சம்பந்தமில்லை, விடுங்கோ. விசயம் என்னெண்டா இந்த ரெண்டையும் மேலால எடுத்த ஒரு படத்தை வைச்சுப் பிரிக்க ஏலாது. பயிர்ப்பாதுகாப்புக் கட்டுரையளிலயே ஒருத்தர் சிங்குலேட்டஸ் எண்டு எழுதினதை மற்றவர் கோனிகி எண்டு எழுதிக் குழப்பி வைச்சிருக்கினம். அப் உங்களுக்கு "சிங்குலேட்டஸ்" எண்டு அடிச்சுச் சொன்னது, அந்தப் பேரில கன படம் அதுக்குப் பழக்கினதால, உங்கட பூச்சியில எதையோ கண்டுபிடிச்சதால இல்லை.

ரெண்டாவது படத்துக்கு வாறன். இது கனபேர் விழுகிற குழி. வண்ணாத்திப்பூச்சி மாதிரி புழு, கூட்டுப்புழு எண்டு இந்தப் பூச்சியளுக்குக் கிடையாது, முட்டையில இருந்து வரேக்கையே ஆறு காலோட குட்டிப் பூச்சியாத்தான் வரும், பள்ளிக்கூடத்தில அணங்கு எண்டு படிச்சிருப்பியள். 5 தரம் பருவம் மாறித்தான் வளர்ந்த பூச்சி ஆகும், ஒவ்வொரு தரமும் சட்டை கழட்டும். சிறகு முழுசா இருக்காது, சிறகு வரப்போற இடத்தில கறுப்பா மொட்டு மாதிரி ரெண்டு தட்டு மட்டும் தெரியும். சிறகில இருக்கவேண்டிய பொட்டும் இல்லை, நுனிக் கறுப்பும் இல்லை, அப்ப அப் பாவம் என்ன செய்யும், வேற ஏதோ பேரைச் சொல்லும். இன்னும் ஒண்டு, சட்டை கழட்டின உடன உடம்பு வெளிறிப்போய் கால் உணர்கொம்பு எல்லாம் கறுப்பில்லாம இருக்கும், உங்கட படத்தில இடது மூலையில வெளிறின செம்மஞ்சளா ஒண்டு தனியா நிக்குதே, அது நோயும் இல்லை வேற இனமும் இல்லை, சட்டை காயேல்ல, அவ்வளவுதான். நல்ல படம் அது.

எப்பவும் முதல் கேள்வி இதுதான், சிறகு வயிறை முழுசா மூடியிருக்கோ இல்லையோ. மூடேல்லையெண்டா பெரும்பாலும் பிள்ளை, பிள்ளையை வைச்சு இனம் சொல்லுறதெண்டா பக்கத்தில பெரிய ஆக்களும் நிக்கிற படம் வேணும். பச்சை நாத்தப் பூச்சி, நெசாரா விரிடுலா எண்டு சொல்லுறது, தக்காளியிலயும் பயத்தையிலயும் வரும், அதின்ர குட்டியளைப் பாத்தா நீங்கள் நம்பவே மாட்டியள், சின்னனில கறுப்பில வெள்ளைப் புள்ளி, பேந்து பச்சையும் சிவப்பும் கலந்து, கடைசியாத்தான் முழுப் பச்சை. வளர்ந்த பிறகும் எல்லாம் ஒரு மாதிரி இல்லை, முழுப் பச்சை ஆக்களும் இருக்கினம், தலையும் தோளும் மஞ்சளா இருக்கிற ஆக்களும் இருக்கினம், ரெண்டும் ஒரே இனம். வித்தியாசமானது ஒண்டாத் தெரியிறதும், ஒண்டு வித்தியாசமாத் தெரியிறதும் இதில வழமை. நெசாராவில நான் முதல்ல பாக்கிறது முதுகு முக்கோணத்தின்ர மேல் விளிம்பு, அதில வரிசையா மூண்டு வெளிர் புள்ளியும் ரெண்டு மூலையிலயும் சின்னக் கறுப்புப் புள்ளியும் இருக்கோ எண்டு. பச்சையா இருக்கிற எல்லாம் நெசாரா இல்லை.

படம் 3 தான் எனக்குப் பிடிச்சது. பூவரசில டிஸ்டேர்கஸ் கூட்டமா இருந்தா அதுக்குள்ள ஆன்டிலோகஸ் எண்ட ஒருத்தர் வருவார், அதே குடும்பம், அதே சிவப்பு, ஆனா விதை தின்னுறேல்ல, டிஸ்டேர்கஸைத்தான் தின்னுவார், குட்டியளையும் பெரிசுகளையும். ஊருக்குள்ள அதே சட்டை போட்டுக்கொண்டு திரியிற கள்ளன் மாதிரி. பிரிக்கிறதுக்கு இடம் இதுதான்: கழுத்தில அந்த வெள்ளைக் கொலர் இருக்காது, சிறகு நடுவில கறுப்புப் பொட்டும் இருக்காது, சிறகின்ர சிவப்பு வெறுஞ்சிவப்பா ஓடும். உங்கட படத்தில மேல இருக்கிறவருக்குப் பொட்டில்லை, அது தெரியுது. கொலர் இருக்கோ எண்டு பாக்கேலாமல் இலை மறைக்குது, அதாலதான் "பெரும்பாலும்" எண்டு எழுதினனான். டிஸ்டேர்கஸும் சிலநேரம் சட்டை கழட்டி மெதுமையா இருக்கிற தன்ர ஆக்களையே குத்தும், அதால தின்னுது எண்டதை மட்டும் வைச்சு முடிவெடுக்க ஏலாது.

இப்ப மருந்து ஏன் வேண்டாம் எண்டு விளங்கியிருக்கும். பூவரசு விதையைத் தின்னுறதால உங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை, அதோட அந்தப் பூச்சியைத் தின்னுற ஆள் தானா வந்து நிக்குது. வெண்டித் தோட்டத்துக்குள்ள கூட்டமா இறங்கினா அது வேற கதை, அப்பவும் முதல்ல ஒரு வாளியில சவுக்காரத் தண்ணி வைச்சு தட்டி விழுத்துங்கோ, கும்பலா இருக்கிறதால கையாலேயே முடிக்கலாம்.

நாலாவது, எருக்கலைக்காரர். படத்தைப் பெருப்பிச்சா தோளில சிவப்புக்கு நடுவில ரெண்டு கறுப்புப் பட்டி நெளிஞ்சு ஓடுறது தெரியும், சிறகிலயும் பொட்டில்லை, அகலமான கறுப்புத் திட்டு. இவர் ஸ்பிலொஸ்தீத்தஸ். குடும்பம் வேற எண்டதை நிச்சயமாச் சொல்லுறதுக்கு ஒரு இடம் இருக்கு, அதைப் பழகினியள் எண்டா பாதிப் பிரச்சினை முடிஞ்சுது. தலையில ரெண்டு பெரிய கண்ணுக்கும் நடுவில, உச்சிப்பக்கமா, கண்ணாடி மணி மாதிரி மினுங்குற ரெண்டு சின்னப் புள்ளி இருக்கோ எண்டு பாருங்கோ. அது சின்னக் கண். எருக்கலைப் பூச்சியின்ர குடும்பத்துக்கு அது இருக்கும், பூவரசுப் பூச்சியின்ர குடும்பத்துக்கு இருக்காது. சிவப்புப் பூச்சிப் படம் ஆர் அனுப்பினாலும் என்ர கை தானாத் தலையைத்தான் பெருப்பிக்கும். உங்கட படத்தில தலை கொஞ்சம் கலங்கித்தான் இருக்கு, ஆனா தோள்ப் பட்டியே போதும்.

ஸ்பிலொஸ்தீத்தஸுக்குள்ளயும் பாண்டூரஸ், ஹொஸ்பெஸ் எண்டு ரெண்டு பேர் எங்கட பக்கத்தில வரும். சிறகின்ர நுனிக் கறுப்புக்கு நடுவில வட்டமா ஒரு வெள்ளைப் பொட்டு வடிவா இருந்தா பாண்டூரஸ் எண்டு சொல்லுவன். இல்லையெண்டா ஹொஸ்பெஸ் பக்கம் யோசிப்பன், ஆனா அதை மட்டும் வைச்சு எழுத மாட்டன். உங்கட படத்தில அந்த இடத்தில வெயில் பட்டு மினுங்குது, அது பொட்டோ வெயிலோ தெரியேல்ல. இன்னொருக்கா நிழலில எடுத்தா சொல்லலாம்.

இவ்வளவு நிதானமா நான் எழுதுறதுக்கு ஒரு காரணம் இருக்கு, என்ர பிழை ஒண்டு. 10, 12 வருசத்துக்கு முந்தி, நான் விவசாயப் போதனாசிரியரா ஓடித்திரிஞ்ச காலம், பொயிலைத் தோட்டம் செய்யிற ஒரு ஐயா மகன்ர போனில ஒரு படம் எடுத்து அனுப்பினவர். சிவப்பும் கறுப்புமா ஒரு பூச்சி, இலைக்கு மேல, கலங்கின படம். நான் மோட்டச்சைக்கிளை நிப்பாட்டி றோட்டுக்கரையில நிண்டு பாத்திட்டு, ஓம் ஓம் சிவப்புப் பூச்சிதான், சாறு குடிக்கும், அடியுங்கோ எண்டு சொல்லிப்போட்டன். ரெண்டு கிழமைக்குப் பிறகு அந்தப் பக்கம் போகேக்க ஐயா சொல்லுறார், "தம்பி நீர் சொன்னமாதிரி அடிச்சன், அந்தப் பூச்சி செத்துப்போச்சு, இப்ப புழுதான் தாங்கேலாது." மிச்சம் இருந்த ஒண்டைப் பிடிச்சுப் பாத்தா ரைனோகொரிஸ், புழுவைக் குத்தித் தின்னுற கொலைகாரப் பூச்சி, பொயிலைக்குக் காவலுக்கு நிண்டவர். அவரைத்தான் நான் கொல்லச் சொல்லியிருக்கிறன். ஐயா என்னைப் பேசேல்ல, தேத்தண்ணி தந்து அனுப்பினவர், அது பேசினதை விடக் கூடச் சுட்டது.

அந்தப் படத்தை இப்பவும் வைச்சிருக்கிறன். இப்ப பாத்தாலும் அதில வாய் தெரியாது. இந்தக் கூட்டத்தில வாய்தான் எல்லாம். செடியில சாறு குடிக்கிறவையின்ர ஊசி வாய் மெல்லிசா, நேரா, நெஞ்சோட ஒட்டி மடிஞ்சு கிடக்கும். கொலைகாரப் பூச்சியின்ர வாய் கட்டையா, தடிப்பா, அரிவாள் மாதிரி வளைஞ்சு தலைக்குக் கீழ தனியா நிக்கும். கண்ணுக்குப் பின்னால கழுத்து ஒடுங்கி தலை நீண்டு இருக்கும். இது மேலால எடுத்த படத்தில ஒரு நாளும் தெரியாது, பக்கத்தால எடுத்தா ஒரு செக்கனில தெரியும். கையால பிடிக்காதேங்கோ, அது குத்தினா நல்லா நோகும், எனக்குத் தெரியும்.

அதால படம் எடுக்கிற முறையைச் சொல்லிப்போடுறன், ஏனெண்டா பேர் கண்டுபிடிக்கிறதில முக்கால்வாசி வேலை படம் எடுக்கேக்கையே முடிஞ்சுபோகும், படத்தில இல்லாததை ஆராலயும் சொல்ல ஏலாது, நானும் சொல்ல ஏலாது அப்பும் சொல்ல ஏலாது. ஒரு பூச்சிக்கு ஒரு படம் காணாது. மேலால ஒண்டு, பக்கத்தால ஒண்டு வாய் தெரியிற மாதிரி, முன்னால தலை தெரிய ஒண்டு, அடிப்பக்கம் ஒண்டு. அடிப்பக்கத்துக்கு சுகமான வழி, ஜாம் போத்தல் மாதிரி நல்லா துடைச்ச கண்ணாடிப் போத்தலுக்குள்ள விட்டுட்டு அது கண்ணாடியில ஏறேக்க வெளியால எடுக்கிறது. ஓடித்திரிஞ்சா போத்தலோட ஃபிரிஜ்ஜுக்குள்ள அஞ்சு பத்து நிமிசம் வையுங்கோ, கீழ்த்தட்டில, ஐஸ் பெட்டிக்குள்ள இல்லை, குளிரில ஆள் சோம்பிப்போய் நிக்கும், எடுத்தாப் பிறகு கொண்டுபோய் விட்டுடுங்கோ. அதை விடச் சுகம் விடியக் காலமை போறது, வெயில் ஏறமுன்னம் அவையும் எங்களை மாதிரித்தான், எழும்பிக் கொட்டாவி விட்டுக்கொண்டு நிப்பினம்.

பக்கத்தில ஒரு அடிமட்டம் வையுங்கோ. காசுக் குத்தி வைக்கிறவை கனபேர், ஆனா எந்தக் குத்தி எண்டு படத்தில தெரியாது, மில்லிமீற்றர் கோடு பொய் சொல்லாது. சூம் பண்ணாதேங்கோ, கிட்டப் போய் எடுத்துப் பேந்து வெட்டுங்கோ. பிளாஷ் வேண்டாம், அந்த மினுங்கலிலதான் சின்னக் கண்ணும் சிறகுப் பொட்டும் தொலையிறது. வட்ஸ்அப்பில சும்மா படமா அனுப்பினா அது நசிச்சுத்தான் அனுப்பும், டொக்கியூமென்ட் எண்டு போட்டு அனுப்புங்கோ. எந்த மரம் எண்டு கட்டாயம் எழுதுங்கோ, இலையும் படத்தில விழட்டும். பூவரசு எண்டு நீங்கள் எழுதாம விட்டிருந்தா நான் இன்னும் ரெண்டு மூண்டு சந்தேகம் கூட வைச்சிருப்பன். ஆனா மரமும் முடிவான சாட்சி இல்லை, பக்கத்து எருக்கலையில இருந்து பறந்து வந்து பூவரசில குந்தியிருக்கவும் கூடும்.

அப்பைப் பற்றியும் கேட்டிருந்தியள். ஐநேச்சுரலிஸ்ட் கூடாத சாமான் எண்டு நான் சொல்ல மாட்டன், நானும் பாவிக்கிறனான். 2008இல பேர்க்லி பல்கலைக்கழகத்தில மாஸ்டர்ஸ் செய்த ஆக்கள் தொடங்கினது, 2017இல இருந்துதான் கம்பியூட்டரே படத்தைப் பாத்துப் பேர் சொல்லத் தொடங்கினது. ஆனா அது பழகினது ஆக்கள் ஏத்தின படங்களில இருந்து, எந்த ஊரில கமரா கூடவோ அந்த ஊர்ப் பூச்சியை அதுக்கு நல்லாத் தெரியும். எங்கட பக்கத்துப் படம் குறைவு. அது முதலாவதாச் சொல்லுற இனப் பேரை விட்டுட்டு, எல்லாப் பேருக்கும் பொதுவா என்ன குடும்பம் வருது எண்டு பாருங்கோ, அது கனதரம் சரியா இருக்கும். பேந்து ரெண்டு பேர் வந்து சரியெண்டு அமத்தினவுடன அது உறுதியான பதிவு மாதிரிக் காட்டும், அந்த ரெண்டு பேரும் அதே மேலால எடுத்த படத்தைத்தானே பாத்தவை. அதில சாதி மட்டத்தில நிப்பாட்டுறதுக்கும் வசதி இருக்கு, வெக்கப்படாமப் பாவியுங்கோ. "டிஸ்டேர்கஸ்" எண்டு மட்டும் எழுதினா அது அரைகுறைப் பதில் இல்லை, அந்தப் படம் தாற முழுப் பதில் அதுதான்.

சில சோடியளை வழமையா எடுக்கிற படத்தால பிரிக்க ஏலாது எண்டதையும் சொல்ல வேணும். நெல்லுக் கதிர் பால் பிடிக்கேக்க வாற நாத்தப் பூச்சி, ஒல்லியா நீளக் காலோட பச்சையும் மண்ணிறமுமா இருக்கும், வயலுக்குள்ள இறங்கினாலே மணக்கும், அது லெப்டோகொரைசா. ஒராடோரியஸ், அகூட்டா எண்டு ரெண்டு இனம் அச்சுப் போல இருக்கும். ஒராடோரியஸுக்கு வயித்தின்ர அடிப்பக்கம் ஓரத்தில வரிசையாக் கடும் மண்ணிறப் புள்ளி இருக்கும், அகூட்டாவுக்கு இல்லை. வயலில எடுக்கிற எல்லாரும் கதிரில குந்தியிருக்கிறதை மேலாலதான் எடுக்கினம், அதில புள்ளி எங்க தெரியப்போகுது. புள்ளியும் மங்கலா இருந்தா ஆம்பிளைப் பூச்சியைப் பிடிச்சு பின்பக்க உறுப்பின்ர வடிவத்தை நுணுக்குக்காட்டிக்குக் கீழ பாக்கிறதுதான் வழி. கமக்காரருக்கு அது தேவையில்லை, ரெண்டுக்கும் செய்யிற வேலை ஒண்டுதான். எல்லா இடத்திலயும் இனம் வரைக்கும் போகத்தான் வேணும் எண்டில்லை.

சில இடத்தில போகத்தான் வேணும். பப்பாசியில வெள்ளைப் பஞ்சு மாதிரி அப்பிற மாவுப்பூச்சி ஞாபகம் இருக்கோ, நீங்கள் சின்னப் பிள்ளையா இருந்திருப்பியள், 2008இல இலங்கைக்குள்ள வந்து மரம் மரமா வெள்ளை பூசிவிட்டது. வெள்ளையா மாவுப்பூச்சி முந்தியே கன வகை இருந்ததுதானே, அடிச்சுப் பாத்தும் அசையேல்ல. இது மெக்சிக்கோப் பக்கத்துப் பராகொக்கஸ் மார்ஜினேட்டஸ் எண்டு சரியா இனம் பிரிச்ச பிறகுதான், அந்த இனத்தைத் தேடிப்பிடிச்சு அதுக்குள்ள முட்டையிடுற ஒரு சின்னக் குளவியை, அசெரோபேகஸ் பப்பாயே, 2009இல கொண்டுவந்து விட்டவை. அந்தக் குளவிக்கு மற்ற மாவுப்பூச்சி சரிவராது, இனம் பிழைச்சிருந்தா அவ்வளவு வேலையும் வீண். அந்த மாவுப்பூச்சிக்கு உலகத்தில பேர் வைச்சதே 1992இலதான் எண்டதையும் யோசிச்சுப் பாருங்கோ.

அதையும் படத்தில ஓரளவு பிரிக்கலாம். முதுகில நீட்டுக்கு ரெண்டு கறுப்புக் கோடும் வாலில நீளமா ரெண்டு வெள்ளை நூலும் கண்ணாடி இழை மாதிரி உடம்பெல்லாம் மயிரும் இருந்தா அது ஃபெரிசியா எண்ட வேற ஒரு மாவுப்பூச்சி. பப்பாசிக்காரருக்குக் கோடு கிடையாது, மாவுக்குக் கீழ மஞ்சள் உடம்பு, ஓரத்தில கட்டைத் தும்பு. ஒரு கெட்டித்தனம் இருக்கு, ஆளைப் பிடிச்சு அற்ககோலுக்குள்ள போட்டு வைச்சா நீலக் கறுப்பா மாறும். இது போட்டோவில பாக்கிற விசயம் இல்லை எண்டு நீங்கள் சொல்லுவியள், போத்தலோட போட்டோ எடுங்கோவன்.

மூட்டைப்பூச்சியைப் பற்றி உங்கட அண்ணா கேட்டவர் எண்டு கடைசி வரியில எழுதியிருந்தியள். எங்கட மாதிரிச் சூடான ஊரில வழமையா வாறது சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ், குளிர் நாட்டுக்காரர் லெக்டூலேரியஸ், வெளிநாட்டில இருந்து பெட்டியோட அவரும் வரலாம். தலைக்குப் பின்னால இருக்கிற தோள்த் தட்டு அகலமா விரிஞ்சு ஓரம் மேல வளைஞ்சிருந்தா குளிர் நாட்டுக்காரர், ஒடுக்கமா இருந்தா எங்கட ஆள். கடிக்கிறது ரெண்டும் ஒரு மாதிரித்தான் எண்டு அண்ணாவிட்டச் சொல்லுங்கோ.

இப்ப எனக்கு வேண்டியது ரெண்டு படம். அந்த மூண்டாவது ஆள் இன்னும் வேலியில நிக்குதெண்டா இலையை ஒருக்கா விலத்திப்போட்டு கழுத்தை எடுங்கோ, கொலர் இல்லையெண்டா ஆன்டிலோகஸ் எண்டு எழுதிப்போடலாம். மற்றது எருக்கலைக்காரரை வெயிலுக்கு உங்கட கையால நிழல் பிடிச்சுக்கொண்டு சிறகு நுனி தெரிய ஒண்டு. கவனம், எருக்கலைப் பால் கண்ணில பட்டுடும், கிளையை முறிக்காதேங்கோ.